ஆட்டுத்தோல் விளக்கு மழைக்காலத்தில் தொய்கிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பெங்களூரு அல்சூரில் வீட்டு மொட்டைமாடியில் மர விளக்குகள் செய்கிறேன். வெட்பாலை மரத்தை, அதாவது சென்னபட்டணா பொம்மை கடைகிற அதே வெளிர் மரத்தை, மெல்லிய பட்டைகளாகச் சீவி வளைத்து ஒட்டி, இடுப்புயரத்துக்கு ஒரு கூடு கட்டி, அதன்மேல் பதனிடாத ஆட்டுத்தோலை ஈரத்தோடு இழுத்துப் போர்த்துகிறேன். ஆந்திராவில் நிம்மலகுண்டா தோல்பாவைக் கலைஞர்களும் ஆட்டுத்தோலில்தான் விளக்குக்கூடு செய்கிறார்கள். உள்ளே 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயலுள்ள இதமான ஒளி தரும் எல்இடி பல்பு போட்டால் தோலின் ரத்தநாளக் கோடுகளும் ரோமக்கால் புள்ளிகளும் தேன் நிறத்தில் தெரியும், அவ்வளவு அழகு, எந்தப் பிளாஸ்டிக் ஷீட்டிலும் அது வராது.

பிரச்சினை தோல் காயும்போதுதான். சுருங்கிச் சுருங்கி மரப்பட்டைகளின் ஒட்டையே பிரித்துவிடுகிறது, அப்புறம் ஆகஸ்ட் ஈரக்காற்றில் தொய்ந்து, மார்ச் வெயிலில் மறுபடி விறைக்கிறது. வெறும் பசை போட்டால் விளிம்பு உரிகிறது. துளை போட்டுத் தைத்தால் துளை கிழிந்து நீள்கிறது.

தோலின் இரண்டு பக்கமும் அரக்கு பூசியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒளி எவ்வளவு மங்குகிறது? மிருதங்கத்துக்குத் தோல் கட்டுபவர்கள் இந்தக் குழுவில் இருந்தால் அவசியம் பேசுங்கள், தோலின் இழுவிசை உங்களுக்குத் தெரிந்த அளவு தச்சருக்குத் தெரியாது. மரத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம் வெட்டி, தோலை அதற்குள் செருகி, குச்சி வைத்து இறுக்கலாமா என்றும் யோசிக்கிறேன், யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அக்ரிலிக்குக்கு மாறு என்று மட்டும் சொல்லாதீர்கள். தோல் சரிவராது என்றால் வாழைநார்க் காகிதத்துக்குப் போகத் தயார், பெங்களூரில் பெரிய தாளாக எங்கே கிடைக்கும் என்று சொன்னால் போதும்.