40,000 ரூபாய், பக்கத்து வீட்டுல தறி: எந்த மைக் வாங்கலாம்?

குகைப்பையன்:
சொந்தமா மெட்டுப் போட்டுப் பாடுறேன். 8 ஜிபி லேப்டாப் இருக்கு, கையில 40,000 ரூபாய். வீடு சேலம் குகையில. சுவத்துக்கு அந்தப் பக்கம் நாலு விசைத்தறி. 25,000க்கு ஒரு கண்டென்சர் மைக், ஸ்டுடியோவுல வைக்கிற, சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற வகை, பார்த்து வச்சிருக்கேன். வாங்கலாமா?

அம்மாப்பேட்டை அண்ணன்:
வேண்டாம் தம்பி. கண்டென்சர் உன் குரலை விட்டுட்டுத் தறியைத்தான் பிடிக்கும். மேடையில பாடுற டைனமிக் மைக் ஒண்ணு, மைக்கை லேப்டாப்போட இணைக்கிற ரெண்டு சேனல் இன்டர்ஃபேஸ் பெட்டி, காதை மூடுற ஹெட்ஃபோன், அது போதும். பாட்டைப் பதிவு பண்ற சாஃப்ட்வேருக்கு ரீப்பர். 60 நாள் சும்மா ஓட்டிப் பாரு, பிடிச்சா 60 டாலர். கிராக் பண்ணின திருட்டுக் காப்பி பக்கம் போகாத, வைரஸோட வரும்.

ஏற்காட்டு மிளகு:
அண்ணா, இது மேடைக்காரங்க பேசிப் பேசி உண்டாக்கின கதைங்க. தறி எது, குரல் எதுன்னு மைக்குக்குத் தெரியுமா? வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம், அதுதான் விஷயம். தூரத்தைப் பாதியாக்கினா குரல் 6 டெசிபல் ஏறும், தறிச் சத்தம் அப்படியே இருக்கும். எந்த மைக்கா இருந்தாலும் இதே கணக்குதான். டைனமிக்ல கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்குற அளவை, திருகித் திருகி ஏத்தணும், மலிவு இன்டர்ஃபேஸ்னா 'ஸ்ஸ்'னு இரைச்சல் வேற. ஒரே தடவையில நல்லதா வாங்கட்டும்.

அம்மாப்பேட்டை அண்ணன்:
கணக்கு சரிங்க, ஒத்துக்கிறேன். ஆனா கண்டென்சரை நாலு விரல் தூரத்துல வச்சுப் பாடிப் பாருங்க. 'ப' வர்ற இடமெல்லாம் வெடி வெடிக்கும், எச்சில் முழுங்குறதுகூடக் கேக்கும். அதுக்குப் பயந்து ஒரு அடி தள்ளி நிப்பான், தறி உள்ள வந்துடும். அப்புறம், உங்க ஊர்ப் பனியில உங்க மைக் எப்படி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

ஏற்காட்டு மிளகு:
அது வாஸ்தவம். ஐப்பசி மழையில படபடன்னு பொரிய ஆரம்பிச்சிருச்சு, இப்போ சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுலதான் தூங்குது. ஆனா குகையில ஏதுங்க பனி? மைக் முன்னாடி பாப் ஃபில்டர்னு ஒரு வலை மாட்டினா 'ப' அடங்கிடும்.

செவ்வாய்பேட்டை கொலுசு:
சுவத்துல முட்டை அட்டை ஒட்டலாமே? நாமக்கல் பக்கம்தானே.

அம்மாப்பேட்டை அண்ணன்:
அறைக்குள்ள எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தறிச் சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவர் வேணும். அட்டையில பல்லிதான் குடியேறும்.

குகைப்பையன்:
ஆர்கெஸ்ட்ரா நண்பன்கிட்ட மேடை மைக்கும் இன்டர்ஃபேஸும் இரவல் வாங்கி நேத்து ராத்திரி பதிவு பண்ணேன். பாடும்போது தறி தெரியல. வரி முடிஞ்சு மூச்சு வாங்குற இடத்துல மட்டும் 'டடக் டடக்'. அதுவும் என் தாளத்துல இல்ல, தனி நடை. கண்டென்சரை இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கேன்.

ஏற்காட்டு மிளகு:
அவசரப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை என் மைக்கைக் கீழ கொண்டு வரேன். அதே நாலு விரல், அதே தறி. ரெண்டுலயும் பாடிப் பார்த்துடுவோம்.

குகைப்பையன்:
ஞாயிறு தறி ஓடாதுங்க. சனிக்கிழமை வாங்க.