புதுப்பிப்பு: வின்ஐசிஸ் பட்டியல் திறந்துவிட்டது

புதுக் கணினி வந்ததும் எங்கள் நூலகத்தின் புத்தகப் பட்டியல் மென்பொருளான வின்ஐசிஸ் திறக்க மறுக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். வழி கிடைத்துவிட்டது. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கோளாறு எங்கள் கோப்புகளில் இல்லை. யுனெஸ்கோ தந்த அந்த மென்பொருள் 16 பிட் நிரல். புதுக் கணினியில் இருக்கும் 64 பிட் விண்டோஸில் அது ஓடவே ஓடாது. கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸில், 16 பிட் நிரலை ஓட்டக்கூடிய பழைய விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, பழைய தரவு அடைவை அப்படியே உள்ளே வைத்தேன். திறந்தது! எக்ஸ்பிக்கான ஆதரவு 2014லேயே நின்றுவிட்டதால் இணைய இணைப்பு மட்டும் கொடுக்கவில்லை.

இதிலேயே காலம் தள்ள மனமில்லை. கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாறுவதற்காக, பட்டியலை ஐஎஸ்ஓ 2709 என்ற நூலகப் பதிவுப் பரிமாற்ற வடிவத்தில் கோப்பாக ஏற்றுமதி செய்தேன். 80 எழுத்துக்கு ஒருமுறை வரி உடைந்திருந்தது. உடைந்த வரிகளை ஒட்டிய பிறகுதான் பதிவுகள் சரியாக வந்தன.

உண்மையான வேலை தமிழ்த் தலைப்புகளில்தான். அவை டாப் (TAB) என்ற, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. ‘கொ’ என்ற ஓரெழுத்து அதில் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டாகக் கிடக்கிறது. யூனிகோடில் ககரம்தான் முதலில் வரவேண்டும். மாற்றிய ஒவ்வொரு தலைப்பையும் அலமாரியில் இருக்கும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வருகிறேன். வரலாற்றுப் பிரிவு முடிந்தது, நாளை இலக்கியம்.