சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு போலீஸ்காரர்: வேணுமா, வேணாமா?

ஈசூன் அப்பா:
மகன் உயர்நிலை இரண்டு படிக்கிறான். போன வாரம் அவன் பள்ளிக் கழிவறையில கேபாட் (போதை மருந்து கலந்த மின்சிகரெட்) பிடிபட்டிருக்கு. பெற்றோருக்கு வந்த கடிதத்துல "தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்"னு ஒரே வரி. அதுல கலக்குற எட்டோமிடேட்ங்குற மயக்க மருந்தை 2025 செப்டம்பர்ல 'சி' பிரிவு போதைப்பொருளா அறிவிச்சாங்க. அதை டிசிப்ளின் மாஸ்டர் தலையில கட்டுறது ஞாயமா? ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு போலீஸ் அதிகாரியை நிரந்தரமா உட்கார வெச்சா என்ன குறைஞ்சிடும்? 2021 ஜூலையில ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளியில என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். பள்ளி நேரத்துல, பள்ளிக்குள்ளேயே, கோடாரியால 13 வயசுப் புள்ள போச்சு. எங்க பள்ளி வாசல்ல நிக்கிற காவலாளி அங்கிளுக்கு எழுபது இருக்கும். அவரை நம்பித்தான் அனுப்புறேன்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
தம்பி, ரிவர் வேலியைக் காட்டிப் போலீஸ் கேட்கிறீர்களே, அங்கே வெளியாள் யாரும் சுவரேறிக் குதிக்கவில்லை. செய்தது அதே பள்ளியின் 16 வயது மாணவன். கோடாரியை இணையத்தில் வாங்கினான். வாசலில் போலீஸ் நின்றிருந்தால் 'குட் மார்னிங்' சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பான். கடுமையான மனச்சோர்வு இருந்ததாக நீதிமன்றத்தில் வந்தது, கொலைக் குற்றச்சாட்டு குறைக்கப்பட்டதும் அதனால்தான். 2023இல் 16 ஆண்டு சிறை கிடைத்தது. அப்படிப்பட்ட பிள்ளையை முன்கூட்டியே கண்டுகொள்வது துப்பாக்கி மாட்டியவர் வேலையா? கல்வி அமைச்சு அப்போது 1,000க்கு மேற்பட்ட ஆசிரியர்-ஆலோசகர்களைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னது உங்களுக்குச் சப்பென்று தெரியலாம். எனக்கு அதுதான் சரியான இடம்.

இன்னொன்று. நான் ஒழுங்குக் குழுவில் இருந்தவள். கைப்பேசித் திருட்டு, கேண்டீனில் சட்டையைப் பிடித்தது, கழிவறையில் ஒருவனை நால்வர் சூழ்ந்தது என்று எத்தனையோ வரும். பெற்றோரைக் கூப்பிட்டு, தேவைப்பட்டால் பிரம்பு வரைக்கும் போய், உள்ளேயே முடித்திருக்கிறோம். சீருடைக்காரர் கண்ணெதிரே அது நடந்தால் அவர் பார்க்காதது போல் இருக்க முடியுமா? வழக்கு எண் விழும்.

என்எஸ் மாத்தா:
போலீஸ்ல என்எஸ் (தேசிய சேவை) முடிச்சவன் பேசுறேன். உயர்நிலைப் பள்ளி 130க்கு மேல இருக்கு. லீவு, எம்சி (மருத்துவ விடுப்பு), பயிற்சி எல்லாம் சேர்த்தா பள்ளிக்கு ஒருத்தர்னு கணக்குப் போட முடியாது அண்ணே. அந்த ஆளை எந்த அக்கம்பக்கக் காவல் நிலையத்துலேருந்து உருவுவீங்க? இருக்குறவங்களே மோசடிப் புகார்ல மூழ்கிக் கிடக்குறாங்க.

ஹூஸ்டன் கலா:
டெக்சஸ்ல குடும்பத்தோட இருந்தேன். அங்க பள்ளிக்குள்ள போலீஸ் இருக்குறது 1950கள்லேருந்து உள்ள பழக்கம். மிச்சிகன்ல ஃபிளின்ட் நகரத்துல ஆரம்பிச்சது. 1999 கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் நாடு முழுக்கப் பரவுச்சு. அந்தக் கொலம்பைன்லயே ஓர் ஆயுதக் காவலர் இருந்தார், திருப்பிச் சுட்டார், பலன் இல்ல. 2018ல ஃபுளோரிடாவுல பார்க்லண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுல 17 பேர் செத்தப்போ பள்ளியோட போலீஸ்காரர் கட்டடத்துக்கு வெளியவே நின்னார். 2022ல டெக்சஸ்ல யுவால்டி பள்ளித் துப்பாக்கிச் சூடு. அந்தப் பள்ளி வட்டாரத்துக்குத் தனியா ஒரு போலீஸ் பிரிவே உண்டு. 376 காவலர்கள் வந்தும் 77 நிமிஷம் காத்திருந்தாங்க. 19 குழந்தைங்க, 2 ஆசிரியைங்க செத்தாங்க.

சுவா சூ காங் மணி:
கலாக்கா, உங்களுக்குச் சாதகமானதை மட்டும் எடுத்து வெக்கிறீங்க. 2024 செப்டம்பர்ல ஜார்ஜியாவுல அபலாச்சி பள்ளியில சுட்ட 14 வயசுப் பையன், பள்ளிப் போலீஸைப் பார்த்ததும் சரணடைஞ்சான். நாலு பேர் போயிட்டாங்க, உண்மைதான். அதிகாரி இல்லன்னா எத்தனை ஆகியிருக்கும்? டென்வர் நகரப் பள்ளிகள்லேருந்து போலீஸை வெளியே அனுப்ப 2020ல முடிவு பண்ணாங்க, 2023ல ஒரு பள்ளியில துப்பாக்கிச் சூடு நடந்ததும் திரும்பக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அதையும் சொல்லுங்க.

ஹூஸ்டன் கலா:
சொல்றேன் மணி, ரெண்டும் நடந்ததுதான். ஆனா நீங்க சொன்ன எல்லாமே துப்பாக்கி. இங்க ஆயுதக் குற்றச் சட்டம் 1973லேருந்து இருக்கு. எந்தப் பையன் துப்பாக்கியோட வரப் போறான்? துப்பாக்கியை எடுத்துட்டா அமெரிக்க அனுபவத்துல மிஞ்சுறது கைதுதான். அந்த நாட்டு அரசாங்கக் கணக்குப்படி 2015-16ல மாணவர்கள்ல கறுப்பினத்தவர் 15 விழுக்காடு. போலீஸ் கைக்குப் போனவங்கள்ல, கைதானவங்கள்ல 31 விழுக்காடு. நாம இந்த ஊர்ல சிறுபான்மை. வாய்ட் டெக்ல (புளோக் கீழ்த்தளத்துல) நாலு இந்தியப் பசங்க சத்தமாச் சிரிச்சா யாரு முதல்ல திரும்பிப் பாக்குறாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

சுவா சூ காங் மணி:
எதுக்கெடுத்தாலும் இனம். பள்ளியில கேங்ல சேர்ற நம்ம பையனைத் தடுக்குறதும் அதே போலீஸ்தானே?

ஓய்வுபெற்ற டீச்சர்:
2016 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். மானபங்கப் புகார் ஒன்றில் 14 வயது மாணவனை விசாரிக்கச் சாதாரண உடையில் போலீசார் பள்ளிக்குப் போனார்கள். காவல் நிலையத்துக்கு அவனோடு பள்ளியிலிருந்து யாரும் போகவில்லை. வீடு திரும்பிய அன்றே அவன் உயிரோடு இல்லை. அதன் பிறகுதான், 2017 ஏப்ரலில், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை விசாரிக்கும்போது பயிற்சி பெற்ற ஒரு தொண்டூழியர் பக்கத்தில் உட்காரும் திட்டம் வந்தது. போலீசும் பிள்ளையும் சந்திக்கும் இடத்தை இவ்வளவு கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. நீங்களோ அதைத் தினசரிக் காரியம் ஆக்கச் சொல்கிறீர்கள்.

ஈசூன் அப்பா:
டீச்சர், அந்தச் சம்பவத்தை நான் நேர் எதிரா எடுத்துக்குறேன். முன்பின் தெரியாத ஆளுங்க வந்து கூட்டிக்கிட்டுப் போனதாலதானே அந்த வயசுல அவ்வளவு பயம்? தினமும் பள்ளியில பாக்குற, பேர் தெரிஞ்ச அதிகாரியா இருந்தா விஷயமே வேற. என்பிசிசி (தேசிய மாணவர் போலீஸ் படை) பசங்க போலீஸைப் பார்த்து நடுங்குறாங்களா என்ன?

ஓய்வுபெற்ற டீச்சர்:
இது யோசிக்க வேண்டிய பேச்சு. ஆனால் பெயர் தெரிந்த அதிகாரியிடம் பிள்ளை மனம் விட்டு எதையோ சொன்னால், அது ஆறுதலாகுமா, வாக்குமூலமாகுமா? ஆலோசகரிடம் அந்தக் குழப்பம் இவ்வளவு இருக்காது.

என்எஸ் மாத்தா:
வாக்குமூலம்தான். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே "கேட்டதை எழுது"ன்னுதான்.

ஈசூன் அப்பா:
சரி, ஒரே கேள்வி. என் பையன் கழிவறைக்குப் போகப் பயந்து வீடு வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கான். நாளைக்குக் காலையில நான் யார்கிட்ட போறது?

ஓய்வுபெற்ற டீச்சர்:
முதலில் வகுப்பாசிரியர். அங்கே நிற்காமல் துணை முதல்வரைப் பார்த்து, இடைவேளையில் எந்தெந்தக் கழிவறைப் பக்கம் யார் சுற்றுகிறார்கள் என்று பட்டியல் கேளுங்கள். பிடிபட்ட மாணவனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல மாட்டார்கள், அதைக் கேட்காதீர்கள். சாதாரண வேப் (மின்சிகரெட்) என்றால் 18 வயதுக்குக் கீழே முதல் தடவையே 500 வெள்ளி அபராதம். எட்டோமிடேட் என்றால் அதற்கு மேல் மறுவாழ்வுத் திட்டமும் உண்டு. சட்டம் போலீஸ் உட்காராமலேயே பள்ளிக்குள் வந்துவிட்டது.

ஈசூன் அப்பா:
துணை முதல்வருக்கு இப்பவே மின்னஞ்சல் போடுறேன். ஆனா போலீஸ் வேணாம்னு நான் இன்னும் ஒத்துக்கல.

சுவா சூ காங் மணி:
நானும்தான்.