மறு: சிங்க்ஹோலுக்குத் தமிழ்: கரைகுழியா இடிகுண்டா?

> சிங்க்ஹோல் = கரைகுழி எண்டு கலைச்சொல் பட்டியலில ஏத்துவமா?

அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. சிங்க்ஹோல் எண்டது நிலம் உள்வாங்கி வாற குழி. கரைகுழி நல்ல சொல்லுத்தான், ஆனா எல்லாக் குழியும் கரைஞ்சே வந்ததில்லை. மழைத்தண்ணி மண்ணுக்குள்ளால இறங்கேக்க அங்க கிடக்கிற காபனீரொட்சைட்டையும் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி சுண்ணாம்புக்கல்லை மேலயிருந்து அரிச்சா தட்டு மாதிரிச் சரிஞ்ச பள்ளம் வரும், அதுக்குக் கரைகுழி சரி. மற்றது கீழ குகை கரைஞ்சு கூரை பொறிஞ்சு விழுறது. ஓரமெல்லாம் செங்குத்தா நிக்கும், ஆரோ வெட்டின கிணறு எண்டுதான் சனம் நினைக்கும். இதுக்கு யாழ்ப்பாணத்தில முதலே சொல்லு கிடக்கு: இடிகுண்டு. மானிப்பாயில உள்ளதுக்குப் பேரே அதுதான். ஊரெழுவில பொக்கணை, குரும்பசிட்டியில பேய்க்கிணறு (அதைக் கலைச்சொல்லாக்கச் சொல்லி நான் கேக்கேல்லை).

இதில நான் பிடிவாதமா நிக்கிறதுக்குக் காரணம், நாங்கள் தமிழாக்கிற பகுதியே தீவுகளின்ர பழைய காலநிலையைப் பற்றினது. சுமார் 20,000 வருசத்துக்கு முதல், பனியுகத்தில, தண்ணியெல்லாம் பனியா உறைஞ்சு கடல் ஏறக்குறைய 120 மீற்றர் கீழ போயிருந்தது. பாக்குநீரிணை அப்ப வெறுந்தரை, இலங்கை தீவே இல்லை! சுண்ணாம்புக்கல் தீவில கடல் இறங்கினா நிலத்தடித்தண்ணியும் கூடவே இறங்கும். தண்ணி நிறைஞ்ச குகையில கூரைக்கல்லின்ர பாரத்தில மூண்டிலொரு பங்குக்கு மேல தண்ணிதான் தாங்கிக்கொண்டு நிக்கும், அது வடிஞ்சுபோக கூரை தன்ர பாரத்திலயே விழும். பிறகு பனி உருகி கடல் ஏற, விழுந்த குண்டு திரும்ப நிரம்பும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணத்தில மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு எண்டால், மழைத்தண்ணி கடல்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. பெர்முடாவில கடல்மட்டத்துக்குக் கீழ தண்ணிக்குள்ள பொங்கூசிப் பாறை (குகைத் தரையிலயிருந்து ஊசி மாதிரி மேல வளருற சுண்ணாம்புக்கல்) நிக்குது, சொட்டுச்சொட்டா காத்தில வளர வேண்டிய சாமான், அப்ப அந்தக் குகை ஒருகாலம் காஞ்சு கிடந்தது எண்டதுக்கு வேற சாட்சி தேவையில்லை. ஆகவே எல்லாத்தையும் கரைகுழி எண்டு எழுதினா கடல் ஏறி இறங்கின கதையே சொல்லுக்குள்ள இல்லாமப் போயிடும்.

> கார்ஸ்ட் = கரைநிலம், பேலியோகார்ஸ்ட் = தொல்கரைநிலம்

இது வேண்டாம். கார்ஸ்ட் எண்டது சுண்ணாம்புக்கல் கரைஞ்சு குகையும் குழியுமாக் கிடக்கிற நிலம், பேலியோகார்ஸ்ட் எண்டது பழைய காலத்தில அப்பிடி ஆனது. தீவைப் பற்றின கட்டுரையில "கரைநிலம்" எண்டு கண்டால் எல்லாரும் கடற்கரை எண்டுதான் வாசிப்பினம், நானே முதல்தரம் அப்பிடித்தான் வாசிச்சன். ஒரு வு போட்டு கரைவுநிலம், தொல்கரைவுநிலம் எண்டால் குழப்பம் தீரும். கார்ஸ்ட் எண்டதும் ஸ்லோவீனியா எல்லைப் பக்கத்து ஒரு மேட்டுநிலத்தின்ர பேர்தானே, அடைப்புக்குறிக்குள்ள அதையும் விட்டுவையுங்கோ.

பொக்கணையைத்தான் எங்க வைக்கிறதெண்டு எனக்குப் பிடிபடேல்லை. தண்ணியில்லாத பள்ளத்தையும் பொக்கணை எண்டுவினமோ? ஊரெழுப் பக்கத்து ஆக்கள் ஆரும் இருந்தா எழுதுங்கோ, அதைப் பாத்திட்டு ஏத்துவம்.