புதுப்பிப்பு: அப்பாவின் தறியும் தோள்வலியும்

காஞ்சிபுரத்தில் குழித்தறியில் (தரைக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறி) நெய்யும் என் அப்பாவுக்கு வலது தோளும் இடுப்பும் விடாமல் வலிக்கின்றன, என்ன செய்யலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பலர் சொன்ன முதுகுச் சாய்வைத் தச்சரை வைத்துப் பொருத்தினோம். வீண். பாவின் (தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள்) மேல் குனிந்தே இருப்பவரின் முதுகு அதைத் தொடுவதே இல்லை. இப்போது அதில் துண்டு காய்கிறது.

பலன் தந்தது உட்காரும் பலகைதான். இயன்முறை மருத்துவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, அப்பா நெய்வதைப் பார்த்தார். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நிற்பதால் கீழ்முதுகு வளைகிறது என்றார். பலகையை 2 அங்குலம் உயர்த்தி, முன்பக்கம் சற்றே சரித்தோம். ஒரு வாரத்தில் இடுப்பு வலி குறைந்ததாக அப்பாவே சொன்னார். (எதையும் லேசில் ஒப்புக்கொள்கிறவர் அல்லர்.)

தோள்வலி அப்படியேதான் இருக்கிறது. கரையையும் உடலையும் தனித்தனியாக நெய்து கோக்கும் கோர்வைச் சேலையில் இரண்டுக்கும் தனித்தனி நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை). அதைக் கையால் தள்ளி வாங்கி, நூலை இறுக்கும் தறிப்பலகையை அடிக்க வேண்டும். ஒவ்வோர் ஊடைக்கும் (குறுக்கு இழை) அதே தோள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருக்கச் சொன்னார் மருத்துவர். “சேலைக் கணக்கில்தானே கூலி, எழுந்தால் யார் தருவார்?” என்றார் அப்பா. கடைசியில், இழை அறுந்தாலோ நாடாவுக்குள் இருக்கும் தாரை (நூல் சுற்றிய குச்சி) மாற்றினாலோ எழுந்து கையை உதறுவது என்று ஒப்பந்தம்.

ஜக்கார்டை (பூவேலைக்காகப் பாவு இழைகளைத் தூக்கும் கருவி; காலால் மிதித்து இயக்குவது) தூக்க மோட்டார் வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். மிதிக்கும் காலின் சுமை அதனால் குறையும். கூட்டுறவுச் சங்கத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.