‘குவாடல்கனால் 1942’ கத்தி: இதையும் அசல் என்கிறார்கள்

துருவேட்டையன்: ஒருவர் தன் கேபார் கத்தியின் (அமெரிக்க வீரர்களின் போர்க்கத்தி) படத்தைப் போட்டு, “போர்க்காலத்து அசல், சந்தேகமே வேண்டாம்” என்கிறார். அலகில் ‘குவாடல்கனால் 1942’ என்று பொறித்திருக்கிறது; இரண்டாம் உலகப் போரில் அந்த வருடம் அமெரிக்கர்கள் ஜப்பானியரோடு சண்டை போட்ட பசிபிக் தீவு அது. அமெரிக்க மரைன் படை இந்தக் கத்தியை ஏற்றதே 1942 நவம்பர் 23 அன்று. கமில்லஸ் ஆலை முதல் சரக்கை அனுப்பியது 1943 ஜனவரியில். கத்தி பிறக்கும் முன்பே பெயர் வெட்டினார்களா?

பழையதோல்: கத்தி அந்த வருடம் தீவில் இருந்தது என்று யார் சொன்னார்? அங்கே சண்டை போட்டவன், பிற்பாடு கத்தி கிடைத்ததும் தான் போன இடத்தைப் பொறித்திருப்பான்.

துருவேட்டையன்: பிற்பாடு என்றால் எப்போது? 1944-லா, போன மாதமா? லென்ஸ் வைத்துப் பாருங்கள். அலகு முழுக்கக் கறுத்திருக்கிறது, எழுத்துப் பள்ளம் மட்டும் பளபளக்கிறது. கார்பன் எஃகு இத்தனை வருடம் அப்படியே இருக்குமா?

பழையதோல்: எண்ணெய் போட்டுப் பாதுகாத்தால் இருக்கும். பள்ளம் கறுத்திருந்தால் பழசாகக் காட்ட அமிலம் தடவியது என்பீர்கள்!

நிதானி: கத்தி அசலா, பொறிப்பு அசலா, கதை அசலா? மூன்றும் வேறு. உறையில் பெயரோடு எண் இருக்கிறதா? அது ஒன்பது இலக்க சமூகப் பாதுகாப்பு எண்ணாக இருந்தால் கதை முடிந்தது. மரைன் படை வீரர்களின் அடையாள எண்ணாக அதற்கு மாறியது 1972-ல்தான். பெயர் மட்டும் இருந்தால் படைப்பிரிவு வருகைப் பதிவேட்டில் தேடலாம்.

துருவேட்டையன்: எண் எல்லாம் அப்புறம். 1942-க்குப் பதில் சொல்லுங்கள்.

கூர்முனை: முதலில் அது கேபாரே இல்லை. படத்தில் இருப்பது கமில்லஸ் முத்திரை. கேபார் என்பது யூனியன் கட்லரி என்ற வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயர்.

பழையதோல்: எந்த ஆலை செய்திருந்தாலும் வீரர்கள் அதைக் கேபார் என்றுதான் அழைத்தார்கள். போரில் கத்தி பிடித்தவனுக்கே நீங்கள் பெயர் சொல்லித் தருகிறீர்களா?

கூர்முனை: முத்திரையைப் படிக்கத் தெரியாதவர் எழுத்தின் வயதைச் சொல்ல வந்துவிட்டார்.

பழையதோல்: துருவேட்டையனைக் கேளுங்கள். போன வருடம் என் கத்தியையும் போலி என்றவர் இவர்தான். விமானக் கூண்டின் பிளெக்ஸிகிளாஸை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) வளையம் வளையமாக வெட்டிக் கோத்த பிடி அது. கையில் தொட்டுக்கூடப் பார்க்காமல் தீர்ப்பு!

துருவேட்டையன்: அந்தப் பிடியில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பேச்சை மாற்றாதீர்கள். நவம்பர் 23.

நிதானி: உறையின் படத்தை யாராவது கேட்டீர்களா?

பழையதோல்: பிற்பாடு பொறித்திருப்பான். எத்தனை தடவை சொல்வது?

துருவேட்டையன்: அப்படியானால் பள்ளம் ஏன் பளபளக்கிறது?