1098-டி வந்தாச்சா?

சித்தி: அண்ணி, குட்டியின் காலேஜ் போர்ட்டலில் 1098-டி (1098-T), அதான் ஃபீஸ் கணக்குக் காட்டும் அமெரிக்க வரி ஃபார்ம், வந்துவிட்டது. அப்படியே டாக்ஸ் சாஃப்ட்வேரில் ஏற்றி விடட்டுமா?

அத்தை: கொஞ்சம் பொறு. 1-ஆம் கட்டத்தில் எவ்வளவு, 5-ஆம் கட்டத்தில் எவ்வளவு?

சித்தி: 1-இல் 13,000 டாலர். 5-இல் 10,500.

அத்தை: 1-ஆம் கட்டம் காலேஜுக்கு வந்து சேர்ந்த ஃபீஸ், யார் கட்டியிருந்தாலும் சரி. 5-ஆம் கட்டம் ஸ்காலர்ஷிப். கழித்தால் 2,500. கல்விக் கிரெடிட் என்ற வரிச் சலுகைக்குக் கணக்கில் வருவது அதுதான்.

சித்தப்பா: ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும்தான் அக்கா நிறையப் போனது.

அத்தை: அது சேராதுப்பா. புத்தகம் சேரும், எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும்.

தங்கை: அத்தை, புக்ஸ் மொத்தம் 700 டாலர். கெமிஸ்ட்ரி லேப் மேனுவலும் அதில் இருக்கிறது. பில் எல்லாம் மெயிலில் இருக்கு.

அத்தை: சமத்து. அப்போது 3,200. முதல் 2,000 முழுசாக, மீதி 1,200-இல் கால் பங்கு 300. ஆக 2,300 டாலர், கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் குறையும். ஃபார்ம் 8863-இல் போட வேண்டும். ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 2,500 வரைதான், அதுவும் நாலு வருடத்துக்கு மட்டும். உங்கள் இருவர் வருமானம் 1,60,000-க்கு உள்ளேதானே?

சித்தப்பா: உள்ளேதான். 529 காலேஜ் சேமிப்புக் கணக்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்தோமே?

அத்தை: ஒரே டாலரை இரண்டு இடத்தில் காட்டக் கூடாது. 529 பணம் ஹாஸ்டலுக்கும் செல்லும், அதை அந்தப் பக்கம் வைத்துக்கொள்.

தங்கை: லைப்ரரி வேலைக்கு எனக்கு டபிள்யூ-2 சம்பள ஃபார்ம் வந்திருக்கு. ராத்திரி நானே ஃபைல் பண்ணப் போகிறேன்.

அத்தை: பண்ணு கண்ணு. ஆனால் வேறு யாராவது உன்னை டிபெண்டெண்டாக, அதாவது தங்களைச் சார்ந்தவளாக, காட்ட முடியுமா என்று கேட்கும், அங்கே 'ஆமாம்' என்று போடு. கிரெடிட்டை அப்பாதான் கேட்க வேண்டும். நீ 'இல்லை' என்று போட்டால் அப்பாவின் ரிட்டர்ன் மாட்டிக்கொள்ளும்.

தம்பி: அத்தை, எனக்கும் 1098-டி வந்திருக்கு. ரூம்மேட் போன வருடம் அதை வைத்து 1,000 டாலர் ரீஃபண்ட் வாங்கினான். நானும் போடவா?

அத்தை: வேண்டவே வேண்டாம். நீ எஃப்-1 மாணவர் விசாவில் வந்தது எப்போது?

தம்பி: 2023 ஆகஸ்ட்.

அத்தை: அப்படியென்றால் 2027 முடியும் வரை வரிக் கணக்கில் நீ நான்ரெசிடெண்ட். உனக்கு நான்ரெசிடெண்டுக்கான ரிட்டர்ன் 1040-என்ஆர், கூடவே ஃபார்ம் 8843. கல்விக் கிரெடிட் கிடையாது. காலேஜ் ஃபார்ம் அனுப்பிவிட்டதாலேயே தகுதி வந்துவிடாது. விதியை அலட்சியம் செய்து கேட்டதாக அமெரிக்க வரித் துறை ஐஆர்எஸ் முடிவு செய்தால் அந்தக் கிரெடிட்டைக் கேட்க 2 வருடத் தடை, மோசடி என்றால் 10 வருடம். நாளைக்கு கிரீன் கார்டு, வேலை என்று எத்தனையோ இருக்கிறது, 1,000 டாலருக்காக அதில் கறை வேண்டாம்டா.

தம்பி: அப்போ எனக்கு ஒன்றுமே இல்லையா?

அத்தை: இருக்கு, உங்கள் பசங்களில் பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தில் 21-ஆவது பிரிவு. மற்ற நாட்டு நான்ரெசிடெண்ட் மாணவர்களுக்குப் பொதுவாக இல்லாத ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், அதாவது வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் தொகை, நம் மாணவர்களுக்கு உண்டு. 2025-க்கு 15,750 டாலர். கேம்பஸ் வேலையில் எவ்வளவு வந்தது?

தம்பி: 14,200. வேறு வருமானம் இல்லை.

அத்தை: அப்போது ஃபெடரல் வரியே வராது. சம்பளத்தில் பிடித்த ஃபெடரல் வரி முழுக்கத் திரும்பி வரும். மாநில வரி தனி, அதையும் பார்த்துவிடலாம்.

சித்தி: அண்ணி, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உட்காரலாமா?

அத்தை: உட்காரலாம். காலேஜ் அக்கவுண்ட் ஸ்டேட்மெண்டையும் எடுத்து வை. 1098-டியோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

தம்பி: ரூம்மேட்டிடம் சொன்னேன், பயந்துவிட்டான். அவனும் லைனில் வரலாமா?

அத்தை: வரச் சொல். 1040-எக்ஸ் என்ற ஃபார்ம் போட்டுப் போன வருட ரிட்டர்னைத் திருத்தலாம், நாமாகவே முந்திக்கொண்டு செய்வதுதான் நல்லது. அந்த ரிட்டர்னின் பிடிஎஃப் கையில் இருக்கட்டும்.